சர்க்கரை நோய் முகாமுக்குப் போகலாமா? எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை நம்பக் கூடாது

போகலாம், ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பயன். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர் அங்கே விரலைக் குத்தி ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, கொடுத்த துண்டுத்தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் அந்த அரை நாள் வீண். அவரே காலணியைக் கழற்றிப் பாத உணர்வைச் சோதித்து, விழித்திரையைப் படமெடுத்து, தான் இன்சுலின் போடும் முறையை ஒரு செவிலியரிடம் செய்துகாட்டித் திருத்திக்கொண்டு வந்தால், அவசர அவசரமாக முடியும் மருத்துவர் சந்திப்பில் கிடைக்காத சில விஷயங்கள் கிடைத்துவிடும்.

சர்க்கரை நோய் முகாம், நீரிழிவுக் கண்காட்சி, விழிப்புணர்வு நாள் என்று பெயர்கள் பல. உள்ளே இருப்பவை மூன்றுதான்: பரிசோதனை மேசைகள், பேச்சாளர் அரங்கு, பொருள் விற்கும் ஸ்டால்கள். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள் என்பதால் அதையொட்டிய வாரங்களில் இவை கூடுதலாக நடக்கும்.

யாருக்குப் பயன், யாருக்கு இல்லை

முதலில் ஒரு கசப்பான உண்மை. கிழக்கு இங்கிலாந்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2012-இல் லான்செட் இதழில் வந்தது. ஆபத்து அதிகமுள்ள 40 முதல் 69 வயதினரை வலிய அழைத்துச் சர்க்கரை பார்த்த குழுவிலும், அப்படிப் பார்க்காத குழுவிலும் ஏறத்தாழ 10 ஆண்டுகளில் இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. சோதனை செய்துகொண்டதே காப்பாற்றிவிடாது. இன்னொரு பக்கம், 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் உடல் எடையில் 7 சதவீதம் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் நடக்கவும் இலக்கு வைத்து உழைத்தபோது, நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முகாமின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பது விளங்கும். எண்ணைத் தெரிந்துகொண்டவர் அடுத்த சில வாரங்களில் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதன்படி பார்த்தால் முகாமுக்குப் போக வேண்டியவர்கள்: 35 வயதைத் தாண்டியும் ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்காதவர், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருப்பவர், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போனவர், நோய் தெரிந்தும் கடந்த ஓர் ஆண்டில் கண், கால், சிறுநீர் மூன்றில் ஏதாவது ஒன்றைப் பார்க்காமல் விட்டவர், புதிதாக இன்சுலின் தொடங்கியவர், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார், இன்சுலின் பம்ப் போன்ற கருவி வாங்க யோசிப்பவர். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் இந்தப் பட்டியலில் சேர்வார். பல சமயம் நோயாளியைவிட அவர் கேட்கும் கேள்விதான் கூர்மையாக இருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக மருத்துவரைப் பார்த்து, எல்லாப் பரிசோதனைகளும் கையில் இருப்பவருக்கு முகாம் அவசியமில்லை.

முகாம் வரை காத்திருக்கவே கூடாதவர்களும் உண்டு. காலில் புண், கொப்புளம், ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கி இருத்தல், திடீரென்று பார்வை மங்குதல் அல்லது கண்ணுக்குள் கரும்புள்ளிகள் கொட்டுவது போலத் தெரிதல், வாந்தியும் வயிற்று வலியும் சேர்ந்து மூச்சு வேகமாக ஆழமாக வாங்குதல் – இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. குழந்தைக்கு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம் இருந்தாலும் அப்படியே. கர்ப்பிணிகள் முகாமின் விரல்நுனிச் சோதனையை நம்பி இருக்க வேண்டாம். அவர்களுக்கு முறையான குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை வேண்டும்.

போவதற்கு முன்

இரண்டு மூன்று நாள் முன்பே ஏற்பாட்டாளர்களை அழைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். என்னென்ன சோதனைகள்? வெறும் வயிற்றில் வர வேண்டுமா? கண் பரிசோதனை என்றால் எழுத்துப் பலகை மட்டுமா, விழித்திரைக் கேமராவா, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தும் உண்டா? முடிவைக் கையெழுத்தோடு எழுதித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு 'வாயால் சொல்லிவிடுவோம்' என்று பதில் வந்தால் அந்த முகாமின் சோதனை மேசைகளுக்காக மெனக்கெட வேண்டாம். பேச்சைக் கேட்கப் போகலாம்.

வெறும் வயிறு என்பதற்கு 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை என்று பொருள். பால், சர்க்கரை இல்லாத காப்பி எதுவும் கூடாது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் முகாமுக்காகப் பட்டினியாகப் போகக் கூடாது. 8 மணிக்குத் தொடங்கும் என்று அறிவித்த முகாமில் உங்கள் முறை 11 மணிக்கு வரலாம். அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். இவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டே போகட்டும். எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை), கால், கண், சிறுநீர் எதற்குமே வெறும் வயிறு தேவையில்லை.

பையில் வைக்க வேண்டியவை: எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தாள் அல்லது அட்டைகளின் புகைப்படம், கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), கொழுப்பு அறிக்கைகள், வீட்டு குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும், இன்சுலின் போடுபவர் என்றால் பேனாவும் ஊசியும், குடிதண்ணீர், கண்ணுக்குச் சொட்டு விடுவார்கள் என்றால் கறுப்புக் கண்ணாடி. எளிதில் கழற்றி மாட்டும் காலணி போட்டுக்கொள்ளுங்கள். கயிறு கட்டிய காலணியை அவிழ்க்கச் சோம்பியே பலர் கால் பரிசோதனை மேசையைத் தாண்டிப் போகிறார்கள்.

இவற்றோடு 15 கிராம் குளுக்கோஸ் கொண்ட இரண்டு பொட்டலம் அல்லது மாத்திரைகளும் இருக்கட்டும். முகாமில் நடையும் நிற்பதும் கூடுதல், சாப்பாடு தாமதம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே (இங்கே சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) இருந்தால் 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். மீட்டர் எடுக்க நேரமில்லை என்றால் முதலில் சர்க்கரை, பிறகு சோதனை.

கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். 'சர்க்கரை குறைய என்ன செய்யலாம்' என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்லும் பதில்தான் வரும். 'காலையில் 180, இரவு படுக்கும்போது 130. ஏன் இடையில் ஏறுகிறது' என்று கேட்டால் பதில் உங்களுக்கானதாக இருக்கும்.

உள்ளே எந்த வரிசையில் போவது

கூட்டம் குறைவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தை நீரிழிவுக் கல்வியாளர் அல்லது டயட்டீஷியன் மேசையில் செலவிடுங்கள். சர்க்கரை பார்க்கும் வரிசை எப்படியும் நாள் முழுக்க ஓடும். நிதானமாகப் பேசும் ஆள் பிறகு கிடைக்கமாட்டார். வெறும் வயிற்றில் வந்தவர் மட்டும் முதலில் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடட்டும். அடுத்து கால், பிறகு ரத்த அழுத்தம், சிறுநீர். சொட்டு விட்டுப் பார்க்கும் கண் பரிசோதனை கடைசியில்தான். சொட்டு விட்டபின் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. ஸ்டால்களைச் சுற்றுவது எல்லாவற்றுக்கும் பிறகு.

விரல்நுனிச் சோதனை: எண் எங்கே பிசகுகிறது

தரச்சான்று பெற்ற மீட்டரேகூட ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம். 2013-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197 விதி அதை ஏற்றுக்கொள்கிறது: 100-க்கு மேலான அளவுகளில் 95 சதவீத முடிவுகள் கூட்டியோ குறைத்தோ 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மையில் 126 இருப்பவருக்கு மீட்டர் 108 காட்டினாலும் 144 காட்டினாலும் அது பழுதல்ல. இந்த எண்ணை வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

முகாம் சூழல் இந்தப் பிசகைக் கூட்டும். பழம் தொட்ட கை, இனிப்பு தொட்ட கை என்றால் எண் பொய்யாக ஏறும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைப்பதே சிறந்த வழி. கழுவ வசதி இல்லையென்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாம் துளியைத் தரலாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் முழுக்க உலர்ந்த பிறகே குத்த வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். கையைத் தொங்கப்போட்டு, அடியிலிருந்து நுனியை நோக்கி மெல்லத் தடவினாலே துளி வந்துவிடும். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள், வலி குறையும். மூடி திறந்தே கிடக்கும் ஸ்ட்ரிப் டப்பா, வெயில் படும் மேசை, காலாவதித் தேதி – மூன்றையும் ஒரு பார்வை பாருங்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் கூட்டிக் காட்ட வாய்ப்புண்டு.

சுத்தம் பற்றி விட்டுக்கொடுக்கவே கூடாத விதி ஒன்று. குத்தும் ஊசி மட்டுமல்ல, பேனா போன்ற குத்தும் கருவியும் ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே கருவியை அடுத்தவருக்கு வைத்தால் அதன் முனையில் ஒட்டிய ரத்தம் ஹெபடைட்டிஸ் பி-யைக் கடத்தும். இப்படிப் பரவியது பல இடங்களில் பதிவாகி இருக்கிறது. ஒருமுறை குத்தியதும் தானே உள்ளே பூட்டிக்கொள்ளும் லான்செட் எனப்படும் குத்தூசிதான் முகாமுக்குரியது. கையுறையும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். இவை நடக்கவில்லை என்றால் விரலை நீட்டாதீர்கள், சங்கடப்படவும் வேண்டாம்.

வந்த எண்ணை எப்படி வாசிப்பது? சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத எண்ணால் மருத்துவருக்குப் பயன் குறைவு. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இயல்பு. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு (உலக சுகாதார நிறுவனம் இந்தக் கோட்டை 110-இல் தொடங்குகிறது). 126-உம் அதற்கு மேலும் நோய் என்பது ஆய்வகத்தில் நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தத்துக்கான வரம்பு. தாகம், எடை இழப்பு போன்ற அறிகுறிகளோடு எந்நேரத்திலும் 200-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நோய் என்றே கொள்வார்கள். அறிகுறி இல்லாதவருக்கு இரண்டு அசாதாரண முடிவுகள் வேண்டும். முகாமின் எண் இந்த வரம்புகளுக்கு அருகில் வந்தால் ஆய்வகத்துக்குப் போங்கள் என்ற அறிவிப்பு, அவ்வளவே. எண் மில்லிமோலில் இருந்தால் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 7.0 என்பது 126.

வீட்டு மீட்டரைச் சரிபார்க்க முகாம் நல்ல இடம் என்று பலர் நினைத்து, இரண்டு மீட்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள். இரண்டுமே 15 சதவீதம் விலகக்கூடியவை. ஒன்று 140, மற்றது 165 என்றால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. முகாமில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால், அதே 5 நிமிடத்துக்குள் உங்கள் மீட்டரில் விரலைக் குத்திக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் வெறும் வயிற்றில். சாப்பிட்ட பின் விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால் அப்போது ஒப்பிட்டால் மீட்டர் மீது வீண்பழி விழும்.

எச்பிஏ1சி

முகாமில் இது கிடைத்தால் விரல்நுனிச் சர்க்கரையை விட்டுவிட்டு இதையே எடுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை இது சொல்லும். 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 எல்லைக்கோடு, 6.5-உம் அதற்கு மேலும் நோய். எண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை வரும். 7 என்பது 154, 8 என்பது 183.

ஆனால் இது சிவப்பணுக்களை நம்பி இருக்கும் சோதனை. இரும்புச்சத்துக் குறைபாட்டில் பொய்யாகக் கூடும். அண்மையில் ரத்தம் ஏற்றியவர், ரத்தம் இழந்தவர், கர்ப்பிணி, சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர் ஆகியோருக்குப் பொய்யாகக் குறையும். வீட்டு மீட்டர் எப்போதும் 200-க்கு மேல் காட்டும்போது எச்பிஏ1சி 6 என்று வந்தால், மகிழ்ச்சியடைவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். மேசையில் வைத்துப் பார்க்கும் சிறு கருவிகள் ஆய்வகக் கருவிகளைவிடத் துல்லியம் குறைந்தவை. போன முறை 7.1, இந்த முறை 7.4 என்பதை ஏற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கால் பரிசோதனை: தவறவே விடக் கூடாத மேசை

வழக்கமான சந்திப்புகளில் மிக எளிதாக விட்டுப்போவது இதுதான். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், சில நிமிடம் போதும். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட் எனப்படும் நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் வளையும் அளவுக்கு அழுத்துவார்கள். தொடும்போது உணர்கிறீர்களா என்று சொல்ல வேண்டும். முறையாகச் செய்பவர் முதலில் கையில் தொட்டுக்காட்டி எப்படி இருக்கும் என்று புரியவைப்பார், தோல் தடித்த இடத்தைத் தவிர்ப்பார், 'இப்போது தெரிகிறதா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் துப்பு கொடுக்கமாட்டார். அந்த இழை நூறு முறை வளைந்தால் தளர்ந்துவிடும், ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். நீண்ட வரிசையில் ஒரே இழையை வைத்துச் சோதித்தால் பிற்பகலில் வரும் முடிவு காலையில் வந்ததைப் போல் இராது. இதற்காகவும் சீக்கிரம் போகலாம்.

இழையோடு இன்னொன்றும் வேண்டும்: 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு பார்ப்பது, அல்லது குண்டூசிக் குத்து, அல்லது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தட்டிப் பாதம் துள்ளுகிறதா என்று பார்ப்பது. பயோதீசியோமீட்டர் என்ற மின்கருவி இருந்தால் அதில் 25 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகம். பாதத்தின் மேல்புறமும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கவனியுங்கள்; பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் எடுத்தால் 0.90-உம் அதற்குக் கீழும் ரத்த ஓட்டக் குறைவு. 1.40-க்கு மேல் போனால் நல்ல ஓட்டம் என்று அர்த்தமில்லை, ரத்தக்குழாய் சுண்ணாம்பேறிக் கெட்டியாகி இருக்கலாம்.

உணர்வு குறைந்திருக்கிறது என்று வந்தால் அங்கேயே இரண்டு கேள்விகள். மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுக்கிறேன், பி12 பார்க்க வேண்டுமா? (அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும், அதுவும் மரத்துப்போதலைத் தரும்.) நான் போட்டிருக்கும் இந்தக் காலணி சரியா? காலணியைக் கழற்றிக் காட்டிக் கேளுங்கள், பொதுவாகக் கேட்காதீர்கள்.

கண், சிறுநீர், ரத்த அழுத்தம்

எழுத்துப் பலகையை வாசிக்க முடிந்தால் கண் நலமாக இருக்கிறது என்று எண்ணுவது பெரிய தவறு. விழித்திரைப் பாதிப்பு நன்றாக முற்றும் வரை பார்வை தெளிவாகவே இருக்கலாம். விழித்திரைப் படம் அல்லது கண்மணியை விரித்துப் பார்ப்பது மட்டுமே கணக்கு. இரண்டாம் வகை நோய்க்கு, கண்டறிந்த அன்றே முதல் பரிசோதனை. முதல் வகைக்கு 5 ஆண்டுகளுக்குள். சொட்டு விடாத கேமராவில் கண்மணி சிறிதாக உள்ளவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் படம் மங்கும். 'படம் சரியில்லை' என்ற முடிவு 'நோய் இல்லை' ஆகாது. அதற்குக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். படம் தெளிவாக வந்தாலும் கண் அழுத்த நோய் இல்லை என்று அது உறுதி சொல்லாது.

சிறுநீரில் கேட்க வேண்டிய சோதனை ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்; ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்பதை அது காட்டும். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இயல்பு. வழக்கமாக நனைத்துப் பார்க்கும் பட்டை, தொடக்க நிலைக் கசிவைத் தவறவிடும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய 24 மணி நேரத்தில் கடும் உடற்பயிற்சி எல்லாம் எண்ணைக் கூட்டும் என்பதால், 3 முதல் 6 மாதங்களில் மூன்று முறை எடுத்து இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் சிறுநீரகப் பாதிப்பு என்பார்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவரின் சிறுநீரில் சர்க்கரை எப்போதும் இருக்கும். அந்த மாத்திரையின் வேலையே அதுதான். யாராவது அதைக் காட்டிப் பயமுறுத்தினால் மருந்துத் தாளை நீட்டுங்கள்.

ரத்த அழுத்தத்தை முகாமில் சரியாக எடுப்பது கடினம். 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, கை மேசை மீது நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். சிறுநீர் கழித்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காப்பி, புகை இருக்கக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் 20 புள்ளி வரைகூட ஏற்றிக் காட்டும். நின்றபடி, சட்டைக் கைக்கு மேலே, பேச்சுக்கு நடுவே எடுத்த எண்ணைக் குறித்துக்கொள்ளக்கூட வேண்டாம்.

இன்சுலின் போடும் கை

மருந்தின் அளவு சரியாக இருந்தும் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்குவதற்குக் காரணம் போடும் முறையில் இருக்கலாம். கல்வியாளரிடம் விளக்கம் கேட்காதீர்கள், நீங்கள் செய்துகாட்டுங்கள். அவர் கவனிக்க வேண்டியவை இவை. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல், உருட்டியும் மேலும் கீழும் சாய்த்தும் சீராகக் கலக்கிறீர்களா? ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விட்டுக் காற்றை நீக்குகிறீர்களா? பொத்தானை முழுக்க அழுத்தியபின் 10 எண்ணும் வரை ஊசியை உள்ளே வைத்திருக்கிறீர்களா? போட்டதும் ஊசியைக் கழற்றிவிடுகிறீர்களா? பெரியவர்கள் பெரும்பாலோருக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே போதும். நீள ஊசி தசைக்குள் போனால் மருந்து வேகமாக இறங்கிச் சர்க்கரை சரியும்.

வயிற்றிலும் தொடையிலும் போடும் இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கே வலிக்காது என்பதால் கை தானாக அங்கேயே போகும், மருந்தோ ஒழுங்காக உறிஞ்சப்படாது. கட்டி இருப்பது தெரிந்து நல்ல தோலுக்கு மாறும்போது ஓர் எச்சரிக்கை: அதே அளவு மருந்து இப்போது முழுவதும் வேலை செய்து சர்க்கரை அபாயமாக இறங்கலாம். அளவைக் குறைப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசிய பிறகே இடம் மாற்றுங்கள்.

தொடர் சென்சார் ஸ்டாலில் கேட்க வேண்டியவை: எத்தனை நாள் ஓடும், இடையில் கழன்றால் மாற்றிக் கொடுப்பார்களா, என் கைப்பேசியில் ஓடுமா, இறங்கும்போது அலாரம் அடிக்குமா, எந்த மருந்துகள் அளவைக் குழப்பும் (சில சென்சார்களை அதிக அளவு வைட்டமின் சி-யும், சிலவற்றைப் பாராசிட்டமாலும் குழப்பும்). சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியிலுள்ள திசுநீரை அளக்கிறது. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கும். மாதிரியைக் கையில் ஒட்டிப் பார்க்கக் கேளுங்கள், வாங்குவதை அன்றே முடிவு செய்யாதீர்கள்.

விற்பனை ஸ்டால்கள்

'இதைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தில் மேற்கொண்டு நிற்க வேண்டாம். முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கு ஆபத்தான கீட்டோ அமிலத்தேக்கம் வரும். 'முழுக்க இயற்கை' என்று விற்ற சில பொடிகளிலும் மாத்திரைகளிலும் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மருந்துகள் சொல்லாமல் கலந்திருந்ததை ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. சாப்பிட்டவருக்குச் சர்க்கரை குறையத்தான் செய்யும். ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் நினைவிழக்கும் அளவுக்குக் குறையும்.

கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி உடல் முழுவதற்கும் அறிக்கை அச்சடிக்கும் கருவி, ஒரு துளி ரத்தத்தைத் திரையில் காட்டி நச்சு என்று சொல்லும் நுண்ணோக்கி, பாதத்தில் ஒட்டி நச்சை இழுக்கும் பட்டை – மூன்றுக்கும் மருத்துவ அடிப்படை இல்லை. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளப்பதாக விற்கும் கைக்கடிகாரமும் மோதிரமும் வேண்டாம். அப்படி எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. குதிகால் ஸ்கேன் எலும்பு அடர்த்தி, கொழுப்பு சதவீதம் காட்டும் எடைப்பொறி இவை மோசடியல்ல, ஆனால் முடிவெடுக்க உதவாதவை.

இலவசம் என்பதற்கு விலை உங்கள் கைப்பேசி எண்ணாக இருக்கலாம். பரிசோதனை முடிவை எழுத உங்கள் பெயரும் வயதும் போதும். குலுக்கல் சீட்டில் மருந்துப் பெயர்களைக் கேட்டால் எழுதாமல் விடுங்கள்.

திரும்பிய பிறகு

அன்று மாலையே எல்லா எண்களையும் ஒரே தாளில் எழுதி, தேதி, சாப்பிட்ட நேரம், எந்தச் சோதனை என்பதைச் சேர்த்து, மருத்துவரின் சந்திப்பு நேரத்தையும் வாங்கிவிடுங்கள். முகாமில் கேட்டதை வைத்து எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

எவ்வளவு அவசரம் என்பது முடிவைப் பொறுத்தது. அறிகுறிகளோடு சர்க்கரை 300-க்கு மேல் என்றால் அன்றே. கால் உணர்வு இல்லை அல்லது நாடி தெரியவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள். அதுவரை வெறுங்காலோடு நடக்காமல், தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். விழித்திரையில் பாதிப்பு என்று எழுதியிருந்தால் கண் மருத்துவர் தரும் முதல் நேரத்தை வாங்குங்கள். நோய் இல்லாதவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல் வந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் ஆய்வகத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும். சிறுநீர் ஆல்புமின் கூடியிருந்தால், காய்ச்சலோ தொற்றோ இல்லாத நாளில் காலை முதல் சிறுநீரை மறுபடி கொடுங்கள், கூடவே கிரியாட்டினினும்.

எல்லாம் இயல்பு என்று வந்தவர், 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். எல்லைக்கோட்டில் இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை. நோய் உள்ளவருக்குக் கண், கால், சிறுநீர் மூன்றும் ஆண்டுக்கு ஒருமுறை. கால் உணர்வு குறைந்தவர் மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கேட்காமலே காலணியைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும்.